பிளஸ் டூ விடைத்தாள் நகல் சேவை: ஒரு தாயின் மதிப்பீடு

தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் பிளஸ் டூ மாணவர்களுக்கு அளிக்கும் சேவைகளில் தேர்வு முடிவு வெளியீட்டைத்தான் எல்லோரும் அறிவார்கள். அதே இயக்ககம், ஒரு பாடத்துக்கு 275 ரூபாய் கட்டணத்தில், மாணவர் எழுதிய விடைத்தாளின் நகலையும் தருகிறது. இது தெரிந்த பெற்றோரிலும் பெரும்பாலோர், மதிப்பெண் கூடும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டுமே நகல் வாங்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். 2025ஆம் ஆண்டு பிளஸ் டூ முடித்த எங்கள் மகனுக்காகக் கணிதம், தமிழ் ஆகிய இரு பாடங்களின் நகலை வாங்கினோம். இரண்டிலும் ஒரு மதிப்பெண்கூட மாறவில்லை; மாற்றக் கேட்டு நாங்கள் விண்ணப்பிக்கவும் இல்லை. ஆனாலும் பள்ளிப் படிப்பு முடிந்த அந்தக் கோடையில் எங்கள் வீட்டுக்குள் வந்த காகிதங்களில் மிகவும் மதிப்புள்ளவை அவைதான் என்று எண்ணுவதால் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் முடிவு வெளியீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மார்ச் 3 முதல் 25 வரை நடந்த தேர்வுக்கான முடிவுகள் மே 8 அன்று காலையில் வெளியாயின. பள்ளிப் பதிவேட்டில் கொடுத்திருந்த கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. இணையதளத்தில் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் பாடவாரியாக மதிப்பெண் தெரிகிறது. டிஜிலாக்கரிலும் பார்க்கலாம். கையில் இணையம் இல்லாதவர்கள் ஆட்சியர் அலுவலகத்தில் இயங்கும் தேசிய தகவலியல் மையத்திலோ மைய, கிளை நூலகங்களிலோ கட்டணமின்றிப் பார்க்கவும் வழி செய்திருக்கிறார்கள். நான் பிளஸ் டூ எழுதிய 1998இல் நாளிதழில் பொடி எழுத்தில் அச்சான எண்களுக்கு நடுவே என் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, தேர்ச்சி என்பதை மட்டும் தெரிந்துகொண்டு, மதிப்பெண்ணுக்காகப் பள்ளித் தகவல் பலகைக்கு ஓட வேண்டியிருந்தது. அதோடு ஒப்பிட்டால் இன்றைய வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்லப்போனால், அந்த வேகத்தினால்தான் பெற்றோருக்கு ஒரு சங்கடம் உண்டாகிறது. ஒரு நிமிடத்துக்குள் ஆறு எண்கள் வந்து விழுந்துவிடுகின்றன. அடுத்த நிமிடம் உறவினர்களின் அழைப்புகள் தொடங்கிவிடுகின்றன. அந்த எண்கள் எப்படி வந்தன என்று யோசிக்க ஒருவருக்கும் நேரம் இருப்பதில்லை.

மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017இல் கைவிட்டது. பிள்ளைகளிடையே தேவையற்ற போட்டியும் மன அழுத்தமும் குறைய வேண்டும் என்ற நோக்கம் நல்ல நோக்கம்தான். 1200 ஆக இருந்த மொத்த மதிப்பெண்ணும் அதன்பின் 600 ஆனது. ஆனால் மே மாதத்தில் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் தனியார் பள்ளிகளின் பதாகைகளில் பிள்ளைகளின் முகமும் அதன் கீழே கொட்டை எழுத்தில் மதிப்பெண்ணும் இருப்பது மாறவில்லை. வீட்டுக்குள்ளும் அதே நிலைதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளாக, தேர்ச்சி அட்டையில் எண்களைப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, திருப்பி அனுப்பிய பெற்றோர்தானே நாம்? பிள்ளை தேர்வறையில் உட்கார்ந்து என்ன எழுதினான், எதை அடித்தான், எந்தக் கேள்வியிடம் நின்று யோசித்தான் என்று பார்க்கும் வாய்ப்பு, பொதுத் தேர்வைப் பொறுத்தவரை, இந்த நகல் சேவை ஒன்றின் மூலமாகவே கிடைக்கிறது.

இதைக் கேட்டுப் பெறுவது மாணவரின் உரிமை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். திருத்தப்பட்ட தன் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பார்வையிடவும் நகல் பெறவும் தேர்வெழுதியவருக்கு உரிமை உண்டு என்று, மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே பள்ளியில் போய்க் கேட்பதற்கு யாரும் தயங்க வேண்டியதில்லை.

நடைமுறை எளிதாகவே இருக்கிறது. பள்ளி மாணவர்கள் தாங்கள் படித்த பள்ளியின் வழியாகவும் தனித்தேர்வர்கள் தேர்வெழுதிய மையத்தின் வழியாகவும் விண்ணப்பிக்க வேண்டும். பணத்தைக் கட்டியதும் ஓர் ஒப்புகைச் சீட்டைத் தருவார்கள். அதிலுள்ள விண்ணப்ப எண் இல்லாமல் பிறகு நகலைப் பதிவிறக்க முடியாது என்பதால், அந்தச் சிறிய சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வதுடன் கைபேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நகல் இணையதளத்தில் ஏற்றப்பட்டதும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அதைப் பார்த்த பிறகு கூட்டலில் பிழை இருப்பதாகத் தெரிந்தால் மறுகூட்டலுக்கும், விடைக்கு உரிய மதிப்பெண் தரப்படவில்லை என்று தோன்றினால் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். மறுகூட்டல் என்பது போட்ட மதிப்பெண்களைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பது மட்டுமே. மறுமதிப்பீடு என்பது விடைகளை மீண்டும் திருத்துவது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர் என்பதால் இங்கே பிரித்துச் சொல்கிறேன்.

கணிதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எல்லாப் பொறியியல் பெற்றோருக்கும் தெரிந்ததுதான். 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லாததால், பொறியியல் கலந்தாய்வுக்கான 200 மதிப்பெண் கட்-ஆஃப் முழுவதும் பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்தே கணக்கிடப்படுகிறது. அதில் இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாகக் குறைக்கப்படுகின்றன. கணிதம் நூறும் அப்படியே சேர்கிறது. கணிதத்தில் போகும் ஒரு மதிப்பெண் முழுதாகப் போகிறது. மகனுக்குக் கணிதத்தில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தது. கூட்டலில் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்ற சந்தேகம் என் கணவருக்கு.

நகலை அச்செடுத்து மேசையில் பரப்பினோம். நான் வணிகவியல் பிரிவில் படித்தவள். எனக்கு அந்தக் கணக்குகள் புரியாது. மகன்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். ஒரு மதிப்பெண் வினாக்களில் விடைக்குறியையும் (கொடுத்திருக்கும் விடைகளில் எது என்பதைக் காட்டும் குறி) விடையையும் சேர்த்து எழுத வேண்டும்; இரண்டில் ஒன்று தவறாக இருந்தாலும் மதிப்பெண் கிடையாது. ஓரிடத்தில் விடையைச் சரியாக எழுதிவிட்டு, குறியை மாற்றி எழுதியிருந்தான். அதற்குப் பூஜ்யம். அது நியாயமான பூஜ்யம்தான் என்பதை அவனே முதலில் சொன்னான்.

அடுத்துப் பார்த்தது ஐந்து மதிப்பெண் வினாக்களில் ஒன்று. நேரியச் சமன்பாடுகளைக் காஸியன் நீக்கல் முறையில் தீர்க்க வேண்டிய கணக்கு அது. ஏறக்குறைய ஒரு பக்கம் முழுவதும் எழுதி, மூலைக்கு மூலை கோடு போட்டு அடித்திருந்தான். அடுத்த பக்கத்தில் அதே கணக்கை முதல் வரியிலிருந்து, முன்பைவிட நிதானமான கையெழுத்தில், திரும்பச் செய்து முடித்திருந்தான். அதற்கு ஐந்துக்கு ஐந்து. “நடுவுல ஒரு வரியில மைனஸ் விட்டுட்டேன்மா. கடைசியில போட்டுப் பாக்குறப்பதான் விடை ஒத்து வரல. அடிச்சிட்டுத் திரும்பப் போட்டேன்” என்றான். அதற்குப் பல பக்கங்கள் தள்ளி, கடைசி வினாவான வகைக்கெழுச் சமன்பாட்டில், தொகையிட்ட பிறகு மாறிலியைக் கண்டுபிடிக்கும் இடத்தில் எழுத்து நின்றுவிட்டிருந்தது. எழுத்துகள் சாய்ந்து, வரிகள் கோணி, அவசரம் தெரிந்தது. செய்திருந்த படிகளுக்கு மூன்று மதிப்பெண் கொடுத்திருந்தார்கள்.

குறுஞ்செய்தியில் வந்த எண்ணைப் பார்த்தபோது, கடைசிக் கேள்வியை விட்டுவிட்டான், நேரத்தைச் சரியாகப் பங்கிட்டுக்கொள்ளத் தெரியவில்லை என்றுதான் வீட்டில் பேச்சு எழுந்தது. பதினைந்து நிமிடத்தை வினாத்தாள் படிக்கவும் விவரங்களைச் சரிபார்க்கவும் தனியாகத் தந்து, அதன்பின் முழுதாக மூன்று மணி நேரம் கொடுக்கிறார்களே, அது போதாதா என்று கேட்டார் என் கணவர். நேரம் எங்கே போனது என்பதற்கான விடை அந்த அடித்த பக்கத்தில் இருந்தது. பதினேழு வயதுப் பையன், யாரும் பக்கத்தில் இல்லாத தேர்வறையில், தன் விடையைத் தானே சரிபார்த்து, தவறு என்று கண்டு, பதறாமல் முழுவதையும் அடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருக்கிறான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அங்கே ஐந்தைக் காப்பாற்றி, கடைசியில் இரண்டை இழந்திருக்கிறான். மதிப்பெண் சான்றிதழில் அந்த இரண்டு குறைந்தது மட்டுமே தெரியும். அந்த ஐந்தைக் காப்பாற்றிய மனத்திடம் எந்தச் சான்றிதழிலும் வராது. என் கணவர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரியாத்தான் செஞ்சிருக்கே” என்று மகனிடம் சொன்னார். முடிவு வந்த நாளிலிருந்து இருவருக்கும் இடையே இருந்த இறுக்கம் அன்று மாலை தளர்ந்தது.

தமிழ் நகலை வாங்கச் சொன்னவள் நான். கலந்தாய்வுக்கு உதவாத பாடத்துக்கு எதற்கு இன்னொரு 275 ரூபாய் என்று வீட்டில் கேட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தாளில் மனப்பாடப் பகுதியும் இலக்கணமும் நெடுவினாக்களும் போக, பழமொழி ஒன்றை வாழ்க்கை நிகழ்வோடு பொருத்தி எழுதச் சொல்லும் வினாவும் வருவதுண்டு. பிள்ளை சொந்தமாக யோசித்து எழுத வேண்டிய இடங்களில் அது ஒன்று என்பதால் அதைப் பார்க்க விரும்பினேன். நோட்ஸில் இருக்கும் நிகழ்ச்சியைத்தான் எழுதியிருப்பான் என்று எண்ணியிருந்தேன். அவன் எழுதியிருந்ததோ எங்கள் வீட்டு நிகழ்ச்சி. ஊரடங்குக் காலத்தில் அவன் அப்பாவுக்குச் சில மாதங்கள் வேலை இல்லாமல் போனபோது, நான் மாவு அரைத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்ததையும், அந்தச் சில்லறையை அரிசி டப்பாவில் போட்டு வைத்துப் பள்ளிக் கட்டணம் கட்டியதையும் “ஒரு குடும்பத்தில்” என்று தொடங்கி, யாருடைய பெயரும் சொல்லாமல், பத்து வரிகளுக்குள் எழுதி முடித்திருந்தான். அப்போது அவன் ஏழாம் வகுப்பு முடித்திருந்தான். அவனுக்கு அதெல்லாம் தெரியும் என்பதே எனக்கு அந்த விடைத்தாளைப் பார்க்கும்வரை தெரியாது. திருத்திய ஆசிரியர் அந்த விடைக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார்.

இந்த இடத்தில் பேப்பர் திருத்தும் ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த மதிப்பீடு முழுமையாகாது. தேர்வு முடிந்ததும் கோடை வெயிலில் திருத்தும் மையங்களில் உட்கார்ந்து நாள்தோறும் கட்டுக் கட்டாக விடைத்தாள்களைத் திருத்துகிறார்கள். உதவித் தேர்வாளர் திருத்தியதைக் கூர்ந்தாய்வு அலுவலரும் முதன்மைத் தேர்வாளரும் பார்க்கும் ஏற்பாடும் இருக்கிறது. நாங்கள் பெற்ற இரண்டு நகல்களிலும் ஒரு விடைகூடத் திருத்தப்படாமல் விடப்படவில்லை. அடித்த பக்கத்துக்குப் பின்னால் இருந்த விடையும் தேடிப் பார்க்கப்பட்டிருந்தது. முடிவு தவறான இடத்திலும் சரியான படிகளுக்கு மதிப்பெண் தரப்பட்டிருந்தது. மாணவர் யார் என்று தெரியாமல் திருத்த வேண்டும் என்பதற்காக, புகைப்படமும் விவரங்களும் உள்ள முகப்புத் தாளின் பகுதியைப் பிரித்தெடுத்துவிட்டே தாள்களைத் தருகிறார்கள். முகம் தெரியாத பிள்ளையின் எழுத்தை அவ்வளவு கவனமாகப் படித்த அந்த ஆசிரியருக்கு நன்றி சொல்ல வழி இருந்தால் சொல்லியிருப்பேன்.

சேவையில் திருத்திக்கொள்ள வேண்டியவை இரண்டு இருக்கின்றன என்பது என் கருத்து. ஒன்று, விண்ணப்பிக்கத் தரப்படும் நாட்கள் மிகக் குறைவு. முடிவு வந்த கையோடு மாற்றுச் சான்றிதழ், தற்காலிக மதிப்பெண் சான்றிதழ், கல்லூரி விண்ணப்பங்கள் என்று வீடே அலைந்துகொண்டிருக்கும் வாரத்தில் இதுவும் வந்து முடிந்துவிடுகிறது. கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு வர முடியும். இன்னொன்று, கட்டணம். ஒரு பாடத்துக்கு 275 ரூபாய் என்றால் ஆறு பாடங்களுக்கு 1,650 ரூபாய் ஆகிறது. எல்லோருக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒரு பாடத்தில் தேர்ச்சி பெறாத பிள்ளைக்காவது அந்தப் பாடத்தின் நகலைக் கேட்காமலே, கட்டணமில்லாமல் கொடுக்க வேண்டும். 2025இல் தேர்ச்சி விகிதம் 95.03 என்று நாம் மகிழ்ச்சியோடு படித்தோம். மீதமுள்ள பிள்ளைகளுக்கு ஜூன் இறுதியிலேயே துணைத்தேர்வு வந்துவிடுகிறது. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 எடுத்து மொத்தம் 35ஐ எட்ட வேண்டும். எந்தப் பகுதியில் சறுக்கினோம் என்று தன் கையெழுத்திலேயே பார்க்கும் பிள்ளை, முழுப் புத்தகத்தையும் பயந்துகொண்டு புரட்டாமல், தனக்குத் தேவையானதைப் படித்துத் தேறிவிடும். இந்தச் சேவை யாருக்கு மிகவும் பயன்படுமோ அவர்கள்தான் இதை வாங்க முன்வராதவர்களாக இருக்கிறார்கள்.

வாங்க நினைக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நகலைப் பிள்ளையின் சம்மதத்தோடுதான் வாங்க வேண்டும். பிள்ளையை வைத்துக்கொண்டுதான் திறக்க வேண்டும். அடித்தல் திருத்தலைச் சுட்டிக்காட்டிக் குறுக்கு விசாரணை செய்வதற்காக வாங்குவதாக இருந்தால் வாங்காமல் இருப்பதே மேல். முடிவு வந்த முதல் சில நாட்களில் பிள்ளை சாப்பிடாமல், பேசாமல் இருந்தால் விடைத்தாளைப் பற்றிய பேச்சையே எடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் மனநல ஆலோசனைக்கு அரசின் 14416 என்ற எண்ணோ 104 என்ற எண்ணோ உதவும். பெற்றோரும் அந்த எண்களில் பேசலாம். நகலைக் கைபேசியின் சிறு திரையில் பார்ப்பதைவிட அச்செடுத்துப் பார்ப்பது நல்லது. வெளியே ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தால், கோப்பைக் கடைக் கணினியிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் அழித்துவிட்டார்களா என்று நின்று பார்த்துவிட்டு வர வேண்டும். பிள்ளையின் பதிவெண் முதலிய விவரங்கள் அதில் இருக்கக்கூடும். உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது அறவே கூடாது. அது பிள்ளையின் சொந்த எழுத்து.

ஒரே ஒரு பாடத்துக்குத்தான் பணம் இருக்கிறது, எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் பிள்ளையின் நிலையைப் பொறுத்தது. கலந்தாய்வில் ஒவ்வொரு மதிப்பெண்ணும் முக்கியம், கூட்டலில் ஐயம் இருக்கிறது என்றால் கணிதமோ, மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு உயிரியலோ வாங்குவதுதான் முறை. ஒரு பாடத்தில் தேறவில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், அந்தப் பாடத்தைத்தான் வாங்க வேண்டும். மதிப்பெண்ணில் குறையொன்றும் இல்லை, பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளிக்கு அனுப்பிய பிள்ளை என்னவாக வளர்ந்து நிற்கிறது என்று பார்க்க ஆசை என்றால், தமிழ்த் தாளை வாங்குங்கள். எங்கள் மகள் இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறாள். அவள் பிளஸ் டூ எழுதும்போது என்ன மதிப்பெண் வந்தாலும், அவள் சம்மதித்தால், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் விண்ணப்பிப்பதாக இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.